ஃபேனி: மறக்கப்பட்ட பெண்கள் ராக் குழுவும் அவர்களைப் பற்றிய ஆவணப்படமும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

'ஃபேனி: தி ரைட் டு ராக்' என்ற ஆவணப்படத்தைப் பார்க்கச் சொல்லி நான் கேட்காத ஆள் இல்லை. சொன்னதும் எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வதற்குப் பதில் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஃபேனியா? யார் இவர்கள்?

அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்தில் இருந்த ராக் குழு. கிட்டார், பேஸ் (கீழ்ச்சுருதியில் ஒலிக்கும் கிட்டார்), கீபோர்டு, டிரம்ஸ், பாட்டு, பாட்டெழுதுவது எல்லாமே பெண்கள். 1970இல் இவர்களுடைய முதல் ஆல்பம் ரீப்ரைஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் வெளிவந்தது. ஒரு பெரிய நிறுவனம் முழுநீள ஆல்பமாக வெளியிட்ட முதல் பெண்கள் ராக் குழு இதுதான். இவர்களுக்கு முன்பே கோல்டி அண்ட் தி ஜிஞ்சர்பிரெட்ஸ் என்ற குழு பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. ஆனால் அவர்களுக்குத் தனிப்பாட்டு இசைத்தட்டுகள்தான் கிடைத்தன, ஆல்பம் கிடைக்கவில்லை.

ஃபேனி இயங்கிய ஐந்து ஆண்டுகளில் ஐந்து ஆல்பங்கள் வந்தன. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஊர் ஊராகப் போய் வாசித்தார்கள். ஸ்லேட், ஜெத்ரோ டல், ஹம்பிள் பை போன்ற பெரிய குழுக்களோடு மேடை ஏறினார்கள். 1975இல் குழு கலைந்தது. அதற்குப் பிறகு சுமார் நாற்பது ஆண்டுகள், ராக் வரலாற்றைப் பேசியவர்கள் பலரும் இவர்கள் பெயரையே எடுக்கவில்லை.

படத்தை எடுத்தவர் யார்?

பாபி ஜோ ஹார்ட். மாண்ட்ரியலில் இருந்து இயங்கும் பெண் இயக்குநர். படம் 2021இல் கனடாவின் ஹாட் டாக்ஸ் ஆவணப்பட விழாவில் திரையிடப்பட்டது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஓடும்.

ராக் இசையே தெரியாத எனக்குப் புரியுமா?

புரியும். இது இசையைப் பற்றி மட்டும் இல்லை. ஊர் மாறி வந்த இரண்டு சிறுமிகளைப் பற்றியதும்கூட.

சரி, அந்தச் சிறுமிகளின் கதை என்ன?

ஜூன் மில்லிங்டன், ஜீன் மில்லிங்டன் என்று அக்கா, தங்கை. பிறந்தது பிலிப்பைன்ஸின் மணிலாவில். அம்மா பிலிப்பினோ, அப்பா அமெரிக்கக் கடற்படைக்காரர். ரேடியோவில் வரும் அமெரிக்கப் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு, உக்குலேலேயில் வாசித்துப் பழகியவர்கள். ஜூனின் பதின்மூன்றாம் பிறந்தநாளுக்கு அம்மா ஒரு சின்னக் கிட்டார் வாங்கித் தந்தார். கையால் செய்தது, முத்துச்சிப்பி பதித்தது. அதே 1961ஆம் ஆண்டில் குடும்பம் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவுக்குக் குடிபெயர்ந்தது.

அங்கே பள்ளியில் யாரும் இவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நிறம் வேறு, முகம் வேறு. மணிலாவில் இருந்தபோது அமெரிக்கக் குழந்தைகள் என்று பார்க்கப்பட்டவர்கள், அமெரிக்காவில் வேற்றுநாட்டுக் குழந்தைகள் ஆனார்கள். ஊர்விட்டு ஊர் போய்ப் பள்ளி மாறிய எந்தப் பிள்ளைக்கும் அந்த மத்தியான இடைவேளைத் தனிமை தெரிந்திருக்கும். இரண்டு பேரும் தாங்களே ஒரு பாட்டு எழுதி, பள்ளிக் கலைநிகழ்ச்சியில் பாடினார்கள். அதற்கு அப்புறம்தான் மற்ற பிள்ளைகள் வந்து பேச ஆரம்பித்தார்கள்.

இந்த இடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. புகழுக்காகக் கிட்டார் எடுத்தவர்கள் நிறையப் பேர் உண்டு. இவர்கள் பேச்சுத்துணைக்காக எடுத்தார்கள்.

பள்ளி நாட்களிலேயே தி ஸ்வெல்ட்ஸ் என்ற பெண்கள் குழுவைத் தொடங்கினார்கள். அதில் டிரம்ஸ் வாசித்த பிரீயும் பிலிப்பைன்ஸ் வம்சாவளிதான். அவருக்குக் குழந்தை பிறந்து விலகியபோது, அயோவா மாநிலத்திலிருந்து பதினேழு வயதில் கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பி வந்திருந்த ஆலிஸ் டி பர் அந்த இடத்துக்கு வந்தார். ஒரு பழைய வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு, படைமுகாம், கல்லூரி, நடன அரங்கு என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் வாசித்த காலம் அது.

பெரிய நிறுவனத்தின் கண்ணில் எப்படிப் பட்டார்கள்?

1969இல் லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்து முயன்று பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஊர் திரும்பிவிடலாம் என்ற முடிவோடு, ட்ரூபடோர் என்ற புகழ்பெற்ற கிளப்பில் யார் வேண்டுமானாலும் மேடையேறலாம் என்றிருந்த ஓர் இரவில் வாசித்தார்கள். கூட்டத்தில் தயாரிப்பாளர் ரிச்சர்ட் பெர்ரியின் செயலாளர் இருந்தார். அவர் போய்ச் சொல்ல, பெர்ரி கேட்டுவிட்டு ரீப்ரைஸ் நிறுவனத்தைச் சம்மதிக்க வைத்தார்.

அந்தச் சம்மதத்தில் ஒரு முள் இருந்தது. பெண்கள் ராக் வாசிப்பது ஒரு வேடிக்கை, அது விற்கும் என்ற கணக்கு அதில் கலந்திருந்தது. இவர்களோ ஐந்தாறு வருடம் மேடையில் காய்த்துப்போன விரல்களோடு வந்தவர்கள். பின்னால் நடந்தது பலதுக்கும் இந்த இடைவெளிதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்?

ஃபேனி என்பது ஒரு பழைய பெண் பெயர். எங்கள் குழுவைக் காக்கும் ஒரு பெண் ஆவியைப் போல அந்தப் பெயரை நினைத்தோம் என்று ஜூன் சொல்லியிருக்கிறார். ஆனால் அமெரிக்கப் பேச்சுவழக்கில் அதற்குப் பிட்டம் என்றும் பொருள் உண்டு. பிரிட்டனில் இன்னும் கொச்சையாக, பெண்ணுறுப்பைக் குறிக்கும். நிறுவனம் அந்த இரட்டைப் பொருளை வைத்தே விளம்பர ஸ்டிக்கர்கள் அடித்தது. மேடை ஏறும் முன்பே ஒரு பச்சைச் சிரிப்பு கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்துவிடும். அதைத் தாண்டித்தான் முதல் பாட்டைத் தொடங்க வேண்டும்.

உண்மையிலேயே நன்றாக வாசிப்பார்களா, இல்லை பெண்கள் என்பதால் தூக்கிப் பேசுகிறோமா?

நியாயமான கேள்வி. 1971இல் ஜெர்மனியின் ப்ரெமன் நகரில் பீட்-கிளப் என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இவர்கள் வாசித்த பதிவு இணையத்தில் கிடைக்கிறது. அதில் மார்வின் கேயின் 'எய்ன்ட் தட் பெக்யூலியர்' பாட்டை எடுத்திருக்கிறார்கள். அதை ஒரு தடவை பாருங்கள். வாயசைப்பு கிடையாது, எல்லாம் நேரடி வாசிப்பு.

ஜூன் இடது கை விரலில் ஒரு குழலை மாட்டிக்கொண்டு தந்தி மேல் வழுக்கி வாசிக்கிறார். ஸ்லைடு கிட்டார் என்பார்கள். கோட்டுவாத்தியத்தில் கட்டையை நகர்த்தி ஸ்வரத்தை இழைக்கிறார்களே, கிட்டத்தட்ட அந்த வேலை. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியெல்லாம் காதில் விழும், பிசகினால் உடனே தெரிந்துவிடும். ஜூனிடம் பிசகு இல்லை. அதற்கு அடியில் ஜீனின் பேஸ் நடக்கிறது. அக்கா எங்கே மூச்சு விடுவார் என்று தங்கைக்குத் தெரிந்திருக்கிறது, அந்த இடத்தில் பேஸ் வந்து நிரப்புகிறது. ஆலிஸ் அலட்டாமல் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கீபோர்டில் நிக்கி பார்க்லே. நால்வரிலும் கொஞ்சம் முரட்டுத்தனமான, ப்ளூஸ் ஊறிய கை அவருடையது.

கச்சேரி முடிந்ததும் இவர்கள் அடிக்கடி கேட்ட பாராட்டு என்ன தெரியுமா? 'பொம்பளைங்களுக்கு இது பரவாயில்லையே' என்பது. ஜூன் இதைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அதைச் சொன்னவர்கள் பாராட்டுவதாக நினைத்துத்தான் சொன்னார்கள் என்பதுதான் இதில் வேதனை.

அவர்களுடைய உச்சம் எது?

1971, 1972 என்று சொல்வேன். 'சேரிட்டி பால்' பாட்டு 1971இல் அமெரிக்காவின் பிரபலப் பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் 40ஆம் இடம் வரை வந்தது. அதே வருடம் பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசாண்டின் ஆல்பத்துக்கும் வாசித்தார்கள். 1972இல் வந்த 'ஃபேனி ஹில்' ஆல்பம் லண்டனில் பீட்டில்ஸின் ஆப்பிள் ஸ்டூடியோவில் பதிவானது. ஒலிப்பதிவு செய்தவர் பீட்டில்ஸின் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக். அதில் பீட்டில்ஸின் 'ஹே புல்டாக்' பாட்டையே தங்கள் பாணியில் வாசித்திருக்கிறார்கள்.

ஹாலிவுட்டில் இவர்கள் சேர்ந்து வாழ்ந்த வீட்டுக்கும் ஃபேனி ஹில் என்றுதான் பெயர். கீழ்த்தளத்தில் ஒத்திகை நடக்கும். லிட்டில் ஃபீட் குழுவின் லோவெல் ஜார்ஜ், இளவயதுப் பாடகி போனி ரெய்ட் எல்லாம் வந்து போன வீடு. போனி ரெய்ட் படத்திலும் பேசுகிறார்.

அப்புறம் ஏன் உடைந்தது?

ஒரே காரணம் சொல்ல முடியாது. படமும் அப்படிச் சொல்லவில்லை.

முதலாவது, உடை. முதலில் ஜீன்ஸும் சட்டையுமாக மேடையேறிக்கொண்டிருந்தவர்களை, போகப்போக உடல் தெரிகிற பளபளப்பான உடைகளுக்கு மாறச் சொன்னார்கள். ஜீனுக்கு அது பெரிய பிரச்சினையாகப் படவில்லை, அவர் அதை ஒரு வேஷம் போல எடுத்துக்கொண்டார். ஜூனுக்கு உள்ளே ஏதோ முறிந்தது. இத்தனை வருடம் வாசிப்புக்காக வளர்த்த கை, இனி எதற்குப் பின்னால் நிற்கப்போகிறது என்ற கேள்வி அவரைத் தின்றது. அக்கா, தங்கை இருவரும் இதைப் பற்றி இப்போதும் வேறு வேறு மாதிரிதான் பேசுகிறார்கள். படம் யார் பக்கமும் சாயாமல் இரண்டையும் விட்டுவைத்திருப்பது நல்லது.

இரண்டாவது, ஒலி. மேடையில் இருந்த வேகம் இசைத்தட்டில் வரவில்லை என்ற குறை குழுவுக்குள் இருந்துகொண்டே இருந்தது. கேட்டால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. பீட்-கிளப் பதிவையும் அதே காலத்து ஆல்பத்தையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், ஆல்பத்தில் யாரோ ஜன்னலைச் சாத்திவிட்டது போல இருக்கும்.

மூன்றாவது, மறைத்து வாழ வேண்டியிருந்தது. ஜூனும் ஆலிஸும் பெண்களை நேசித்தவர்கள். அந்தக் காலத்தில் அதை வெளியே சொன்னால் வாழ்க்கைத்தொழிலே போய்விடும். பேட்டிகளில் காதலனைப் பற்றிக் கேட்டால் சிரித்து மழுப்ப வேண்டும். பெண் உடல், இந்த ரகசியம், ஜூனுக்கு ஆசிய முகம் வேறு என்று இத்தனை சுமையோடு தினமும் மேடையேறினார்கள். எழுபதைத் தொட்ட வயதில் இதைக் கேமரா முன் மறைக்காமல் பேசும்போது ஆலிஸின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிகிறது. அந்தக் காட்சியில் நான் படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இதோடு ஓயாத பயணம், தூக்கமின்மை, குழுவுக்குள் உரசல். 1973இல் நான்காவது ஆல்பமான 'மதர்ஸ் ப்ரைட்' வந்தது. தயாரித்தவர் டாட் ருண்ட்கிரென். அந்த வருடமே மனமும் உடலும் தளர்ந்து ஜூன் விலகினார். ஆலிஸும் போனார். ஜூனின் இடத்துக்கு டெட்ராய்ட்டின் பாட்டி குவாட்ரோ வந்தார், பாடகி சூசி குவாட்ரோவின் அக்கா. டிரம்ஸுக்குப் பழைய பிரீ திரும்பி வந்தார். 1974இல் காசாபிளாங்கா நிறுவனத்தில் கடைசி ஆல்பம்.

குழு கலைந்த பிறகுதான் பெரிய வெற்றி வந்ததாமே?

ஆமாம். கடைசி ஆல்பத்தில் ஜீன் எழுதிய 'பட்டர் பாய்' 1975 ஏப்ரலில் 29ஆம் இடத்துக்கு ஏறியது. அவர்களுடைய எந்தப் பாட்டும் அதுவரை அவ்வளவு உயரம் போனதில்லை. மேடையேறிப் பாட அப்போது குழு இல்லை.

டேவிட் போவிக்கும் இவர்களுக்கும் என்ன தொடர்பு?

பிரிட்டிஷ் ராக் பாடகரான போவி இவர்களுடைய ரசிகராக இருந்தார். ஜீன் அவருடைய 'ஃபேம்' பாட்டில் பின்னணிக்குரல் கொடுத்திருக்கிறார். பிறகு போவியின் கிட்டாரிஸ்ட் ஏர்ல் ஸ்லிக்கைத் திருமணம் செய்துகொண்டார். 1999இல் ரோலிங் ஸ்டோன் இதழுக்குப் போவி கொடுத்த பேட்டியில், அவர்கள் காலத்தின் மிகச் சிறந்த ராக் குழுக்களில் ஒன்று ஃபேனி, அவர்களைப் பற்றி யாருமே பேசுவதில்லை, அது அவர்களுடைய காலமாக அமையவில்லை என்ற பொருளில் சொன்னார். இன்று பலரும் ஃபேனியைத் தேடி வருவது அந்தப் பேட்டியால்தான். அதற்கு நான் நன்றியுள்ளவன்.

ஆனால் அந்தக் கடைசி வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. காலத்தின் மேல் பழியைப் போட்டால், எந்தப் பாட்டை ஒலிபரப்புவது, எந்தத் தட்டை மறுபடி அச்சிடுவது, எந்தப் பெயரை வரலாற்றில் எழுதுவது என்று முடிவெடுத்த மனிதர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். அரங்குகள் நிறைந்தன, கைதட்டினார்கள். மறந்தது அதற்குப் பின்னால் வந்தவர்கள்.

தி ரன்அவேஸ், தி கோ-கோஸ் போன்ற பெண்கள் குழுக்கள் எல்லாம் இவர்களுக்கு முன்பா, பின்பா?

இரண்டும் பின்பு. ரன்அவேஸ் தொடங்கியது 1975இல், ஃபேனி கலைந்த அதே வருடம். கோ-கோஸின் ஆல்பம் 1982இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. தாங்களே எழுதி, தாங்களே வாசித்து அங்கே வந்த முதல் பெண்கள் குழு அதுதான். ரன்அவேஸின் செரி கரியும் கோ-கோஸின் கேத்தி வாலன்டைனும் இந்தப் படத்தில் வந்து பேசுகிறார்கள். தங்களுக்கு முன்னால் வழி போட்டவர்களைப் பற்றி அவர்கள் பேசுவதில் நல்ல மரியாதை இருக்கிறது.

கலைந்த பிறகு என்ன செய்தார்கள்?

ஜூனைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். பெண்களே நடத்திய ஒலிவியா ரெக்கார்ட்ஸ் நிறுவனத்துக்காகப் பாடகி கிரிஸ் வில்லியம்சன் 1975இல் வெளியிட்ட ஆல்பத்தில் வாசித்தார். பெண்கள் இசை இயக்கம் என்று பின்னால் பெயர் பெற்றதில் அவருக்கு நடுநாயகமான இடம். 1986இல் ஆன் ஹாக்லருடன் சேர்ந்து இன்ஸ்டிடியூட் ஃபார் தி மியூசிக்கல் ஆர்ட்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். இப்போது அது மாசசூசெட்ஸின் கோஷன் என்ற சிற்றூரில் இருக்கிறது. கோடை விடுமுறையில் சிறுமிகள் வந்து தங்கி, குழு அமைத்து, பாட்டெழுதி, வாசித்துவிட்டுப் போகிறார்கள். ஆம்ப்ளிஃபயரை எப்படி முடுக்குவது என்று ஒரு பெரியம்மா பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பதை அந்தப் பிள்ளைகள் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஜூனுக்கு அந்த வயதில் அப்படி ஒருவரும் இருந்ததில்லை.

படத்தின் நிகழ்காலக் கதை எது?

ஜூன், ஜீன், பிரீ மூவரும் மறுபடி சேர்ந்து 2018இல் வெளியிட்ட 'ஃபேனி வாக்ட் தி எர்த்' என்ற ஆல்பம். முதல் ஆல்பம் வந்து ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து, தலை நரைத்த பிறகு, மறுபடி ஸ்டூடியோ விளக்கின் கீழ் உட்காருகிறார்கள். ஜீனின் மகன் லீ மடலோனியும் இதில் வாசித்திருக்கிறார். பிரீக்கு இது ஒரு பழைய கணக்குத் தீர்வது போல. குழந்தை பிறந்து விலகி, பிறகு மறுபடி சேர்ந்திருந்த அவரை முதல் ஆல்பம் வருவதற்கு முன் குழுவிலிருந்து விலக்கினார்கள், கைக்குழந்தையோடு தனியே நின்றார். அதைச் சொல்லும்போது இன்றும் அவருக்குக் குரல் இறங்குகிறது.

ஆல்பம் வெளிவர இருந்த நேரத்தில், 2018 தொடக்கத்தில், ஜீனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் பாதிக்கப்பட்டது. பேஸ் கிட்டாரில் தந்தியை மீட்டுகிற கை அது. படத்தின் போக்கே அங்கே மாறுகிறது. எழுச்சிக் கதையாக முடிக்கலாம் என்று தொடங்கிய ஒரு படம், அக்கா தங்கையின் கதைக்குத் திரும்பி வருகிறது. பேஸ் போனது, குரல் போகவில்லை. ஜீன் பாடுகிறார். ஜூன் வாசிக்கும்போது அடிக்கடி திரும்பித் தங்கையைப் பார்த்துக்கொள்கிறார்.

படத்தில் குறை இல்லையா?

உண்டு. பிரபலங்கள் வந்து புகழும் இடங்கள் கொஞ்சம் அதிகம். டெஃப் லெப்பர்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாடகர் ஜோ எலியட் பேசுவதில் உண்மையான ரசிகனின் துடிப்பு இருக்கிறது, அதைக் கேட்கலாம். மற்றவற்றில் பாதியை வெட்டிவிட்டு ஒரு பாட்டை முழுசாக ஓடவிட்டிருக்கலாம். ஒரு பாட்டு பிடிபடுகிற நேரத்தில் யாராவது பேச ஆரம்பித்துவிடுகிறார்கள், எனக்குக் கை பரபரத்தது. இன்னொன்று, நிக்கி பார்க்லே. குழுவின் பாட்டுகளில் கணிசமானவை அவர் எழுதியவை. அவர் பக்கத்துக் கதைக்குப் படத்தில் இடம் குறைவு.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

பதின்வயதுப் பிள்ளைகளோடு தாராளமாக. வசைச்சொற்கள், போதைப்பொருள் பற்றிய பேச்சு அங்கங்கே வரும்.

பாட்டுகளை எதிலிருந்து தொடங்கிக் கேட்பது?

நான் சொல்கிற வரிசை இது. முதலில் பீட்-கிளப் காணொளி, அப்புறம் 'சேரிட்டி பால்', அப்புறம் 'ஃபேனி ஹில்' முழு ஆல்பம். 'ஃபேனி வாக்ட் தி எர்த்' ஆல்பத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், படம் பார்த்த பிறகு. நல்ல ஹெட்ஃபோனில், கிட்டாரை விட்டுவிட்டு அடியில் ஓடும் பேஸை மட்டும் ஒரு தடவை பின்தொடர்ந்து கேளுங்கள். அது பக்கவாதத்துக்கு முன் ஜீனின் கை வாசித்தது.